மாமாவின் இடக்கைக்கு ஒரு தூண்டில் தடி

என் செல்ல அப்பா, என் கோபக்கார அப்பா,

சோளகக் காற்று எழும்பிவிட்டது. தோட்டவெளிப் பனைகள் விடியுமுன்பே இரையத் தொடங்கிவிடுகின்றன. கொடியில் காயப்போடும் உடுப்பெல்லாம் பாதி மணலோடுதான் வீட்டுக்குள் வருகிறது. சமையலறை யன்னலை இன்னும் கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறேன். போட்டுத் தருகிறேன் என்று சொன்ன கொளுக்கியைப் போடாமலேயே நீங்கள் போய்விட்டீர்கள். அதை விடுங்கள், நான் எழுத வந்தது வேறு.

எப்படித் தொடங்குவது என்று நிறைய யோசித்தேன். சுற்றிவளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. நேரே சொல்லிவிடுகிறேன். உங்கள் மச்சானுக்கு, அதுதான் மாமாவுக்கு, நான் ஒரு தூண்டில் தடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். றீல் பூட்டிய தடி. லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கரையில் நின்று வீசுவார்களே, அதைப் பார்த்து நீங்கள் "தும்புத்தடியால கடலைக் கூட்டுறாங்கள்" என்று சிரிப்பீர்களே, அதேதான். சிரித்து முடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சிரித்தாயிற்றா? இனிக் கேளுங்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு வந்த சனத்துக்கு மாமாதான் நின்று பரிமாறினார். உங்களுக்குப் பிடித்த மாதிரி, கேட்கக் கேட்கக் கறி போட்டார். அன்று பின்னேரம், சனமெல்லாம் போன பிறகு, கதிரையில் இருந்தவர் அப்படியே இடப்பக்கமாகச் சரிந்தார். மாமி களைப்பு என்றுதான் நினைத்தாளாம். வாய் கோணிக்கொண்டு போவதைக் கண்ட பிறகுதான் கத்தினாள். பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். வாய் நேராகிவிட்டது, பேச்சு வந்துவிட்டது, கால் இழுத்து இழுத்தேனும் நடக்கிறது. இடக்கை மட்டும் வரவில்லை. யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைப் போல அது அவர் மடியில் கிடந்தது.

கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் பிள்ளை நல்ல பிள்ளை. வவுனியாப் பக்கம். மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, கையில உயிர் இருக்கு. ஐயா பாவிக்கிறார் இல்லை. இப்பிடியே விட்டா விரல் மடங்கி இறுகிப்போகும். பிறகு ஒண்டும் செய்யேலாது." அமத்திப் பழக ஒரு றப்பர் பந்தும் தந்துவிட்டாள். அந்தப் பந்தைப் பிறகு மாமி கோழிக்கூட்டுக்குள்ளிருந்து எடுத்தாள். முட்டை என்று கோழி அடைகாத்திருந்ததாம். அந்த வீட்டில் பந்தின் மேல் அக்கறை வைத்தது அந்தக் கோழி ஒன்றுதான்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். நேரே பேசாலையில் இருக்கும் வீட்டுக்குப் போய் மாமாவோடு சண்டை பிடித்தேன். "பந்தை அமத்தினா கை தேஞ்சா போயிடும்? என்னத்துக்கு மாமா இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளை, இது கொப்பரோட போன கை" என்றார், உங்களைத்தான். "பெட்டியைப் பிடிச்சது இந்தக் கைதானே. குழியில இறக்கேக்க நான் விட்டன். அவன் விடேல்ல. குடுத்ததைத் திரும்பக் கேக்கேலாது பிள்ளை. விடு."

அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் கடதாசி பற்றிக்கொள்ளும். இத்தனை வருடம் ஒரே படகில் இருந்துவிட்டு, போகிற போக்கில் மச்சானின் ஒரு கையையும் பிடித்துக்கொண்டா போவது? பைத்தியக் கதை என்று எனக்குத் தெரியும். மூளையில் ஓர் இரத்தக் கட்டி, அவ்வளவுதான். ஆனால் மாமா அதை நம்பினார். பயிற்சி செய்வதே உங்களுக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தார். அந்த நம்பிக்கையை எந்த மருந்துக் குளிசையால் கரைப்பது? விரல்களோ நாளுக்கு நாள் உள்ளே மடங்கிக்கொண்டு வந்தன. நான் போகும் நேரமெல்லாம் முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பேன். அவரும் அதை அறிந்து உடுத்திருக்கும் சாரத்துக்குள் ஒளித்துவிடுவார்.

தடி யோசனை உங்கள் மருமகனுடையது. ஓம், என் வீட்டுக்காரர் ஜெயசீலன்தான். பாப்பாமோட்டையில் வயலுக்கும் குளத்துக்கும் பிறந்த மனிதர், கடலில் கணுக்கால் நனைந்ததும் "காணும், போதும்" என்று திரும்பி வருபவர். அவர் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சை பாரும், இந்த ஆள் ஒரு கையால சுத்துறான், மற்றக் கை சும்மா தாங்கிக்கொண்டு மட்டும் நிக்குது" என்று காட்டினார். நான் சோற்றை விட்டுவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தேன். தடியில்லாமல் வெறுங்கையால் நூல் இழுக்கும் கைத்தூண்டிலுக்கு இரண்டு கையும் வேண்டும். வலைக்கும் வேண்டும். இதற்கு ஒன்றரைக் கை போதும். அந்த அரைக் கைக்கு வேலை இருந்தால், அது வேலை செய்யப் பழகாதா?

அடுத்த நாளே கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு மன்னார் ரவுண் கடைத்தெருவில் வலைச் சாமான் விற்கும் முஸ்லிம் நானாவின் கடைக்கு இருவருமாகப் போனோம். வலையும் மிதவையும் ஈயமும் அடுக்கிய கடையில் ஒரு மூலையில் தடிகள் நின்றன. நான் உங்கள் மகள்தானே. கண் நேரே இருந்ததிலேயே ஆகத் தடித்த தடிக்குத்தான் போயிற்று. நம் வீட்டில் பலம் என்றால் தடிப்பு, வேறு கணக்கில்லை. "இதைத் தாங்கோ" என்றேன். நானா சிரித்தார். "தங்கச்சி, இது திருக்கை இழுக்கிற தடி. ஆருக்கு?" என்று கேட்டார். மாமாவின் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மெல்லிய தடிகளை எடுத்துக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

ஒவ்வொன்றையும் இடக்கையில் பிடித்து நீட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க மணிக்கூடு பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கு செபமாலைதான். ஒரு பத்து அருள்நிறைந்த மரியே சொல்லி முடியும்வரை கை நோகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். தடித்த தடி நாலாவது மரியேயோடு சரி. கண்ணாடி நார்த் தடி ஒன்று பாதிப் பத்துவரை வந்தது.

"கடைக்குள்ள நிண்டு என்ன ஓதுறீங்க தங்கச்சி?" என்றார் நானா.

"எங்கட செபம் நானா. பாரம் பாக்கிறன்."

"ஓதுங்க, ஓதுங்க. மீனுக்கும் நல்லது."

கடைசியில் ஒரு கார்பன் தடி. ஏழடி நீளம், இரண்டாகக் கழற்றலாம், கையில் எடுத்தால் எடுத்தது மாதிரியே இல்லை. இரைக்குப் பதில் கட்டும் சின்னத் தகரப் போலி மீன்களை வீசுவதற்கென்றே செய்தது என்று நானா அதன் அடியில் இருந்த எழுத்தைக் காட்டினார். பத்தும் முடிந்து அதற்குப் பின் வரும் திரித்துவ ஆராதனையும் சொல்லிவிட்டேன், என் கை அசையவில்லை. இதை மாமாவின் கை தாங்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

றீல் எடுப்பதுதான் கரைச்சலாகப் போயிற்று. பெரிய றீல் வாங்கினால் நூல் நிறையப் பிடிக்கும் என்று நான் நின்றேன். பெரியதைப் பூட்டினால் தடி மெல்லியதாக இருந்து என்ன பயன் என்று ஜெயசீலன் கேட்டார். அந்த ஒரு தரம் அவர் சொன்னது சரி. அளவான ஒன்றைப் பூட்டி, தடியை ஒரு விரலில் வைத்துப் பார்த்தோம். முன்னும் சரியாமல் பின்னும் சரியாமல் நின்றது. றீலைச் சுற்றும் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாற்றலாம். எல்லோரும் இடப்பக்கம் பூட்டுவார்களாம். நாங்கள் வலப்பக்கம் மாற்றிப் பூட்டினோம். சுற்றுவது நல்ல கை, தாங்குவது மற்றது.

நூலில் மட்டும் நான் யார் சொல்லும் கேட்கவில்லை. பின்னிய நூல் எடுங்கள், மெல்லியது, தூரம் போகும் என்றார் நானா. மாமா வாழ்நாள் முழுவதும் தங்கூசி என்கிற நைலோன் நரம்பு பிடித்த மனிதர். விரலுக்குத் தெரியாத நூலை அவர் நம்பமாட்டார். தங்கூசியையே சுற்றித் தரச் சொன்னேன்.

றீலின் முகப்பில் ஒரு திருகு இருக்கிறது, அப்பா. அதைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் மீன் இழுக்கும்போது நூல் தானாகவே வெளியே ஓடும். மீன் ஓடிக் களைக்கும், நூல் அறாது. நீங்கள் விரல்களுக்கிடையில் விட்டு விட்டுப் பிடிப்பீர்களே, அந்த வேலையை இந்தத் திருகு செய்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் வந்து முடியும்.

தடியைக் கண்டதும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஊர் சிரிக்கும்" என்றார்.

மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊர் சிரிச்சிட்டுப் போகட்டும். இந்த வீட்டில ஆரும் சிரிச்சு எவ்வளவு நாள்? ஒருக்காப் போயிட்டு வாங்கோ" என்றாள். மாமி அப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசினால் மாமா மறுத்ததில்லை. உங்களுக்குத் தெரியாததா?

கை நழுவாமலிருக்க, தடியோடு சேர்த்துக் கட்டுவதற்கு மாமி ஒரு பட்டி தைத்து வைத்திருந்தாள். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவே இல்லை. "என்னை மாடு மாதிரிக் கட்டாதையுங்கோ" என்றார். பட்டி வீட்டிலேயே கிடந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து வடகரைக்குப் போனோம். சோளகம் முதுகில் பிடித்துத் தள்ளுகிற பக்கம். அந்தக் காற்றில் விரல் நீளப் போலி மீனும் வெகுதூரம் போய் விழுகிறது. முன்னால் கடல் குளம் மாதிரிக் கிடந்தது, ஜெயசீலனே முழங்கால்வரை இறங்கினார் என்றால் பாருங்கள். வீசுவது அவர் வேலை. வீசிவிட்டுத் தடியை மாமாவிடம் கொடுப்பார். மாமா அடியைக் கக்கத்தில் இடுக்கி, இடக்கையைத் தடிக்குக் கீழே முண்டுகொடுத்து வைத்துக்கொண்டு, வலக்கையால் சுற்றுவார். அந்தக் கை பிடிக்கவில்லை. சும்மா கிடந்தது. ஆனால் சாரத்துக்குள் ஒளியாமல் வெளியே கிடந்தது. அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது.

முதல் நாள் பாசியைத் தவிர ஒன்றும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை. கரையில் வலை காயவிட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் பார்க்க ஏதோ வேலை இருந்தது. "மீனுக்கு விசர் பிடிச்சாத்தான் இந்தத் தகரத்தைத் தின்னும்" என்றார் மாமா. குரல் உங்கள் குரல் மாதிரியே இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு மாமியும் வந்தாள். வெயில் ஏறிவிட்டது, போவோம் என்று நான் சொல்ல வாயெடுக்கும்போது தடி நுனி வளைந்து தண்ணீரைத் தொட்டது. றீல் கிர்ர் என்று கத்தியது. நூல் ஓடிக்கொண்டிருந்தது. திருகு தன் வேலையைச் செய்தது. மாமா செய்யவேண்டியது ஒன்றுதான், தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது.

மாமாவால் சும்மா நிற்க முடியுமா? மீன் நூலைக் கொண்டு ஓடுகிறது, தன்னைக் கேளாமல் ஓடுகிறது. கைத்தூண்டில்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? செபம் சொல்லிச் சொல்லி நான் தேர்ந்தெடுத்த தடியை அப்படியே மணலில் போட்டார். குனிந்து நூலைப் பிடித்தார்.

"மாமா, தடி! தடியைத் தூக்குங்கோ!" என்று ஜெயசீலன் தண்ணீருக்குள் நின்று கத்தினார். மாமாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. வலக்கை நூலை இழுத்துப் பின்னால் கொடுத்தது. கொடுத்ததை வாங்க அங்கே ஒரு கை வந்தது, அப்பா. இடக்கை. யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மடங்கிக் கிடந்த விரல்கள் நூலைக் கவ்விக்கொண்டன. வலக்கை முன்னால் போய் அடுத்த பிடி பிடித்தது. பிறகு மறுபடி இடக்கை. ஒழுங்காக இல்லை, நூல் இரண்டு தரம் நழுவி ஓடியது, முழங்கை ஆடியது. ஆனால் பிடித்தது. நான் பார்த்தேன். மாமி பார்த்தாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், சத்தம் போட்டால் கை கேட்டுவிடும் என்று பயந்தவள் மாதிரி.

பாரைக்குட்டி ஒன்று. என் முழங்கை நீளம்கூட இராது. மணலில் கிடந்து துள்ளியது. நூலெல்லாம் மாமாவின் காலைச் சுற்றிக் கிடந்தது, றீல் மணல் தின்றுகொண்டிருந்தது. மாமா மீனைப் பார்க்கவில்லை. இடக்கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். உள்ளங்கையில் தங்கூசி அறுத்த கோடு, அதில் மெல்லிய இரத்தம்.

"எரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, யாரோ முறைப்பாடு வைப்பது போல, "மெற்றில்டா, கை எரியுதடி பிள்ளை" என்றார். மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே இருந்துவிட்டாள். நான் கடலைப் பார்த்து அழுதேன். சோளகக் காற்றில் கண்ணீர் வேகமாகக் காய்ந்துவிடும். அது ஒரு வசதி.

வீட்டுக்கு வந்து மாமி மீனை வெட்டத் தொடங்க, மாமா தடுத்தார். "புதுத் தொழில்ச் சாமானில பட்ட முதல் மீனை நாங்கள் தின்னுறதோ? நோயாளி வீட்டுக்குக் குடுக்கோணும்" என்றார். நீங்கள் இருவரும் விடாமல் வைத்திருந்த வழக்கம். புது வலை, புதுப் படகு எதுவானாலும் முதல் மீன் படுக்கையில் கிடப்பவருக்குத்தான்.

"அப்ப இது நோயாளி வீடு இல்லையோ?" என்றாள் மாமி, கத்தியைக் கீழே வைக்காமல்.

மாமா மீனைக் கத்திக்கடியிலிருந்து இழுத்தெடுத்தார். "இஞ்சை ஆர் நோயாளி?" என்றார்.

மீனை அடுத்த ஒழுங்கையில் இடுப்பு முறிந்து கிடக்கும் கிழவிக்குக் கொடுத்தனுப்பினோம். நாங்கள் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டோம். அதைப்போல ருசியாக நான் வேறொன்றும் சாப்பிட்டதில்லை.

முழுச் சுகம் என்று பொய் எழுதமாட்டேன். சுண்டு விரல் இன்னும் நிமிரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை அந்தக் கையில் நம்பிக் கொடுக்க முடியாது. ஆனால் பந்தை அமத்துகிறார், கோழி ஏமாந்துபோய்த் திரிகிறது. கிளினிக் பிள்ளை விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாளாம். "கடல் கூட்டினனான்" என்றாராம் உங்கள் மச்சான்.

தடியை நல்ல தண்ணீரில் கழுவி, றீலைக் கழற்றி, மணல் தட்டி, எண்ணெய் விட்டு ஜெயசீலன் படும் பாட்டைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். ஏனென்றால் மாமா திருந்தவில்லை. மீன் பட்டால் இன்றைக்கும் தடியை எறிந்துவிட்டு நூலைத்தான் பிடிக்கிறார். இப்போது கரையில் ஒரு கட்டை அடித்து, தடியைக் கயிற்றால் அதில் கட்டி வைக்கிறோம். இடது உள்ளங்கைக்கு மாமி துணி சுற்றிவிடுகிறாள். உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒருவரும் இந்தத் தடியைப் பாவிக்கமாட்டார்கள். பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர் போன கிழமை வந்து, தடியை ஒருக்கால் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கை திரும்பி வந்தது மூளையின் வேலை, பழக்கத்தின் வேலை என்று கிளினிக் பிள்ளை விளங்கப்படுத்தினாள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். மாமாவுக்கு வேறு விளக்கம். "நூலைப் பிடிக்கேக்க பக்கத்தில அவன் நிண்டவன், பிள்ளை. அவன்தான் கையை விட்டவன்" என்கிறார். எதை நான் நம்புவது? நீங்கள்தான் விட்டீர்களா? விட்டிருந்தால், அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். உங்களுக்கு முந்திப் போன அம்மாவைத் தவிர, அங்கே உங்களுக்குத் துணையாக இருந்தது அந்தக் கை ஒன்றுதானே.

அதனால் உங்களுக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். சோளகம் நிற்கும்வரை வடகரை, வாடை பிறந்தால் தென்கரை, மாமாவை நான் வீட்டில் குந்தியிருக்க விடமாட்டேன். அவர் தடியை எறிந்தால் எடுத்துக் கழுவிக் கொடுப்பேன், ஏசவும் மாட்டேன். நீங்கள் அவரை அவசரப்பட்டுக் கூப்பிடாதீர்கள். பொழுது போகாவிட்டால் அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருங்கள். அவருடைய நேரம் வரும்போது, இரண்டு கையோடும் அனுப்பி வைப்பேன்.

உங்கள் வாய்க்காரி மூத்த மகள்,
மெற்றில்டா